உதாரணத்துக்குச் செத்தவன்

1

பாக்கி அரை மதிப்பெண்.

பணமாக இருந்திருந்தால் எப்படியாவது புரட்டியிருக்கலாம். மேஸ்திரியிடம் முன்பணம் கேட்கலாம், மோதிரத்தை அடகு வைக்கலாம், சொந்தக்காரர் வீட்டு வாசலில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கலாம். அரை மதிப்பெண்ணை யாரும் கைமாற்றாகத் தருவதில்லை.

ஆங்கிலத் தேர்வில் நான்கு பகுதிகள். கேட்பது, படிப்பது, பேசுவது, எழுதுவது. இந்தக் கதையில் வருகிற நர்ஸ் முதல் மூன்றையும் தாண்டிவிட்டாள். எழுதுவதில், அதாவது கட்டுரையில், வேண்டியது ஆறரை. இரண்டு தடவை எழுதினாள், இரண்டு தடவையும் ஆறு. கடல் தாண்டி இருக்கிற ஓர் ஆஸ்பத்திரி அவளுக்கு வேலை தருகிறேன் என்று சொல்லிவிட்டு அந்த அரைக்காகக் காத்திருக்கிறது. மற்ற மூன்று பகுதிகளில் வாங்கிய மதிப்பெண்ணுக்கும் ஆயுள் உண்டாம். இந்த மழைக்காலத்தோடு அது தீர்ந்துவிடும். தீர்ந்தால் எல்லாம் முதலிலிருந்து.

இதை எழுதுகிறவன் அவளுடைய புருஷன். சுவர் பூசுகிற வேலை. 'நான்' என்று சொல்லாமல் 'எழுதுகிறவன்' என்று சொல்லிக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. அவள் போகிற கோச்சிங் சென்டரில் ஒரு விதி: கட்டுரையில் எடுத்ததற்கெல்லாம் 'நான்' போடாதே, பஞ்சாயத்தில் நியாயம் கேட்கிற மாதிரி இருக்கும். ஆங்கிலக் கட்டுரைக்குச் சொன்ன விதிதான். ஆனால் எழுத்து விஷயத்தில் யார் விதி சொன்னாலும் எழுதுகிறவன் கேட்டுக்கொள்வான். முப்பத்துநாலு வயதில், கட்டடத் தொழிலாளர் சங்க ஆபீஸின் பின்னறையில், ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எழுத்துக் கற்றவன் அவன். பிடித்துக்கொண்டு ஏற ஏதாவது வேண்டும்.

கதை எங்கே பிறந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடலாம். ஒரு ஞாயிறு மதியம் அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கட்டுரை எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள். இவன் குளித்துவிட்டு வந்து, நகக்கண்ணில் ஒட்டியிருந்த சிமெண்டைச் சுரண்டிக்கொண்டே, இன்றைக்கு என்ன தலைப்பு என்று கேட்டான். வேலை செய்கிற இடத்தில் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு, முதலாளியா தொழிலாளியா என்றாள்.

"என்ன எழுதின?"

"உங்களைத்தான் எழுதிட்டிருக்கேன்."

எழுதுகிறவனுக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. இங்கிலீஷில், அதுவும் தன்னை.

"அதுல நான் என்ன பண்றேன்?"

பேப்பரிலிருந்து பேனாவை எடுக்காமலே சொன்னாள்.

"செத்துட்டீங்க."

2

கதையை எப்படி ஆரம்பிப்பது என்று ஒரு வாரம் யோசித்தான். முதல் பூச்சு அடித்துவிட்டு, அது இறுகி அடுத்த பூச்சுக்குத் தயாராகும்வரை சும்மா உட்கார்ந்திருக்கிற நேரம்தான் அவனுக்கு எழுதுகிற நேரம். அப்போது தோன்றிய ஆரம்பங்கள் இவை. அடித்துப் போட்டவைதான், ஆனாலும் இருக்கட்டும்.

"பொழுது புலர்ந்தது. ஆஸ்பத்திரியின் நீண்ட தாழ்வாரத்தில் ஒரு நர்ஸ் நடந்து—"

(நடந்து எங்கே போவாள்? டீ குடிக்கத்தான். வேண்டாம்.)

"இன்றைய நவீன உலகில் ஆங்கில அறிவு என்பது—"

(இது கோச்சிங் சென்டர் ஆரம்பம். குப்பை, யானை, தூக்கமின்மை, எந்தத் தலைப்பு கொடுத்தாலும் அந்த வகுப்பில் எல்லாரும் இன்றைய நவீன உலகில்தான் கால் வைப்பார்கள்.)

"அவன் மூன்றாம் மாடி சாரத்திலிருந்து விழுந்து செத்தான். அப்போது அவனுக்கு வயது நாற்பத்திரண்டு. மனைவி ஒரு நர்ஸ்."

(இது நல்ல ஆரம்பம். எழுதிவிட்டு ஒரு தடவை திரும்பப் படித்தான். அன்றைக்கு மத்தியானம் மேலே ஏறுமுன் சாரத்தின் ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தான். கூட வேலை செய்கிறவன், என்னண்ணே, வீட்டில் சண்டையா என்று கேட்டான்.)

ஆகவே இந்தக் கதைக்கு அரை மதிப்பெண் பாக்கி என்பதே ஆரம்பம். அதில் யாரும் விழவில்லை.

3

அவளுக்கு ஏன் ஆறு மட்டும் கிடைத்தது என்று சொல்ல வேண்டும். அதற்கு ஆறரை சாரை அறிமுகப்படுத்த வேண்டும்.

கோச்சிங் சென்டர் ஒரு டயர் கடைக்கு மேலே இருக்கிறது. படியேறும்போதே ரப்பர் வாடை. யார் சேர்ந்தாலும் ஆறரை நிச்சயம் என்று போர்டில் போட்டிருப்பதால் அந்த சாருக்கு அந்தப் பெயர். அவரே ஒரு தடவை எழுதி ஆறரைதான் வாங்கினார் என்றும், அதற்கு மேல் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது என்றும் வகுப்பில் ஒரு பேச்சு உண்டு.

முதல் தேர்வுக்குப் பிறகு அவள் எழுதிப் பழகிய கட்டுரை ஒன்றை அவர் எல்லார் முன்னாலும் படித்தாராம். மிருகக்காட்சி சாலைகளை மூட வேண்டுமா என்பது தலைப்பு. அவள் எழுதியிருந்தது இவ்வளவு: மிருகக்காட்சி சாலைகள் உள்ளன. சிலர் மூடச் சொல்கிறார்கள். சிலர் வேண்டாம் என்கிறார்கள். மிருகங்களுக்கு நேரத்துக்கு உணவு தரப்படுகிறது.

"ஏம்மா, இது கட்டுரையா, டியூட்டி மாத்தி விடற ரிப்போர்ட்டா? இதுல நீ என்ன நினைக்கிற?"

"நான் என்ன நினைக்கணும் சார்?"

வகுப்பு சிரித்திருக்கிறது. அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. வார்டில் அவளுக்குப் பழக்கியது அப்படி. கண்ணால் பார்த்ததை எழுது, கையால் கொடுத்ததை எழுது, அபிப்பிராயம் டாக்டருடையது. பதினைந்து வருடம் அப்படி எழுதிய கையை நாற்பது நிமிடத்தில் எப்படித் திருப்புவது?

சார் இரண்டு விதிகள் சொன்னாராம். ஒன்று, இரண்டு பக்கமும் சொல்லிவிட்டு ஒரு பக்கம் சாய்ந்து நில். இரண்டு, சொந்த வாழ்க்கையிலிருந்து ஓர் உதாரணம் கொடு. சொந்த வாழ்க்கையில் அப்படி ஒன்றும் நடக்கவில்லையே என்று அவள் கேட்டதற்கு, நடந்ததாக எழுது, உன் வீட்டுக்கு வந்தா விசாரிக்கப் போகிறார்கள் என்றார். போடாத ஊசியைப் போட்டதாக எழுதினால் வேலை போய்விடும் சார் என்றாள் இவள். இங்கே எழுதாவிட்டால் வேலையே கிடைக்காது என்றார் அவர்.

வகுப்பின் வசதிக்காக சாரே பொதுவில் ஒரு மாமாவை வைத்திருந்தார். மில்லில் வேலை செய்த மாமா. மெஷின் வந்து வேலை போய், மனம் ஒடிந்து, பிறகு புதிய தொழில் கற்று முன்னேறியவர். எந்தத் தலைப்புக்கும் அவரை எப்படியாவது வளைத்துக் கொண்டுவந்து உட்கார வைக்கலாம். இரண்டாம் தேர்வில் இவளும் அந்த மாமாவைத்தான் எழுதினாள். அன்றைக்கு அந்த ஹாலில் எத்தனை பேருக்கு அதே மாமாவோ, திருத்துகிறவருக்குத்தான் தெரியும். மறுபடி ஆறு.*

* மாமா இப்போதும் வேலையில்தான் இருக்கிறார். புதிதாகச் சேர்ந்தவர்களின் கட்டுரைகளில் வேலை இழந்துகொண்டே இருக்கிறார்.

அதன் பிறகுதான் அவள் சொந்தமாக ஓர் ஆள் வேண்டும் என்று தீர்மானித்து இவனை எடுத்துக்கொண்டாள். இல்லாத ஆளைப் பற்றி எழுதினால் பேனா வழுக்குகிறதாம். இவனென்றால் முழங்கால் எப்போது வலிக்கும், எந்தப் பக்கமாகச் சாய்ந்து உட்காருவான் என்பதெல்லாம் தெரியும். உங்களை வெச்சு எழுதினா பொய் தடுமாறாம வருதுங்க என்றாள்.

அப்படியாக வாராவாரம் எழுதுகிறவனுக்கு ஒன்று நேர்ந்தது. விளம்பரங்களைத் தடை செய்யலாமா என்ற கட்டுரையில் குடித்துச் சீரழிந்தான். கடைச் சாப்பாடு கெடுதலா என்பதில் சர்க்கரை ஏறி ஒரு காலை எடுத்துவிட்டார்கள். போக்குவரத்து நெரிசல் கட்டுரையில் ஆம்புலன்ஸுக்குள்ளேயே போய்ச் சேர்ந்தான். கூடவே இருக்கிற இவன் மாமியாருக்கு இது ஒரு நாள் காதில் விழுந்துவிட்டது. கல்யாணத்தின்போது இவனுக்குக் 'கைநாட்டு' என்று பெயர் வைத்தவர் அவர்தான். இவன் எழுதக் கற்ற பிறகும் அந்தப் பெயரை மாற்ற மனம் வரவில்லை.

"உசிரோட இருக்கிறவனை வாரா வாரம் கொல்றியேடி, கைநாட்டு பாவம்" என்றார். அவர் வாயிலிருந்து இவனுக்குக் கிடைத்த முதல் அனுதாபம்.

சிரித்துவிட்டுப் போக வேண்டிய விஷயம்தான். ஆனால் எழுதுகிறவனால் முழுக்கச் சிரிக்க முடியவில்லை. பேப்பரில் எழுதியது நடக்கும் என்று நம்புவது, எழுத்து தாமதமாக வந்தவர்களுக்கு உள்ள ஒரு நோய். படிக்கத் தெரியாத காலம் முழுக்க அவன் பார்த்த பேப்பர்கள் எல்லாம் நடந்தவைதான். வீட்டைக் காலி செய் என்று எழுதி வந்தது, காலி செய்தார்கள். நாளை முதல் வேலை இல்லை என்று ஒட்டினார்கள், வேலை இல்லை. சும்மாவும் எழுதுவார்கள் என்பதை யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை.

4

இங்கே ஒரு சந்தேகம். இந்த நர்ஸ் என்கிற பாத்திரம் சரியாக நிற்கிறதா?

சுவரென்றால் நூலில் தூக்குக்குண்டை விட்டுப் பார்த்துவிடலாம். அவள் போக ஆசைப்படுகிறாளா என்று எதை விட்டுப் பார்ப்பது? கேட்டால், போய்த்தானே ஆகணும் என்பாள். இங்கே வார்டில் அவள் இன்னும் ஒப்பந்த ஆள்தான். வருடா வருடம் புதுப்பிப்பார்களா மாட்டார்களா என்று காத்திருக்க வேண்டும். அங்கே நிரந்தரம். ஆனால் முதல் மூன்று வருடம் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. இதையும் அவள் ரிப்போர்ட் மாதிரியே சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாள். நீ என்ன நினைக்கிறாய் என்று ஆறரை சார் கேட்ட கேள்வியை எழுதுகிறவன் வீட்டில் ஒரு தடவைகூட கேட்கவில்லை. பதில் வந்துவிட்டால்?

எழுதுகிறவன் என்கிற பாத்திரம் மட்டும் நேராக நிற்கிறதா என்ன. அவள் ஜெயிக்க வேண்டும் என்று மனதார நினைக்கிறான். அதே மூச்சில், அந்த அரை எங்கேயாவது தொலைந்து போகட்டும் என்றும் நினைக்கிறான். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்றால்கூடப் பரவாயில்லை. இரண்டும் சேர்ந்தே வருகிறது. அவள் மேஜையில் உட்காரும்போது ரேடியோவை அணைத்து வைப்பவனும் அவன்தான், பேனாவில் மை தீர்ந்தால் ஒரு விநாடி சந்தோஷப்படுகிறவனும்—

(இந்த வாக்கியத்தை முடிக்க வேண்டாம்.)

5

மூன்றாம் தேர்வுக்கு முன்னால் எழுதுகிறவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஒரு யோசனை சொன்னான். பொய்யெல்லாம் எதற்கு, நடந்ததை எழுதினால் அவர்களுக்குத் தெரியாதா, நிஜத்துக்கு ஒரு கனம் இருக்குமே என்றான். கட்டட வேலை செய்கிறவன் சொன்னால் ஏதோ அனுபவம் இருக்கும் என்று அவளும் நம்பிவிட்டாள்.

தலைப்பு: ஒரு வயதுக்கு மேல் புதிதாகக் கற்பதில் பயனில்லை என்கிறார்கள், ஒத்துக்கொள்கிறீர்களா?

ஹாலிலிருந்து வெளியே வந்தபோது அவள் முகம் இவன் அதுவரை பார்க்காத முகம். ரோட்டைக் கடக்கும்போதே, உங்களைப் பத்திதான் எழுதினேன், நிஜமா நடந்ததை எழுதினேன், கை நிக்கவே இல்லை என்றாள். பஸ் ஸ்டாப் வந்ததும்தான் நினைவு வந்தது. நேரம் முடிந்துவிட்டது. மறுபக்க வாதம் எழுதவில்லை. முடிவுரையும் எழுதவில்லை. கட்டுரை முழுக்க இவன் ஒருவனே இருந்தான்.

ஐந்தரை.

அரைப் பாக்கி ஒன்றாகிவிட்டது. நிஜத்துக்கு இருக்கிற கனம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று எழுதுகிறவனுக்குத் தெரிந்தது. ஆறரை சார் போனில் அரைமணி நேரம் திட்டினாராம். யார் சொல்லிக் கொடுத்தது என்று அவர் கேட்டதற்கு அவள் இவன் பெயரைச் சொல்லவில்லை.

தேர்வில் எழுதிய பேப்பர் திரும்பி வராது. அது எங்கோ ஓர் அறையில், ஏதோ ஒரு பேப்பர் கட்டுக்குள் இருக்கும், அல்லது எரித்திருப்பார்கள். எழுதுகிறவனைப் பற்றி இந்த உலகத்தில் யாராவது எழுதிய ஒரே உண்மை அது. இவனால் படிக்க முடியாத பாஷையில் இருந்தது. படித்தவர் ஐந்தரை போட்டார். இது அவனைக் குடைந்தது. அவளிடம் கேட்டான்.

"அன்னைக்கு என்னதான் எழுதின?"

"மறந்துட்டேங்க."

"ஒரு வரிகூடவா?"

"பாக்கி ஒண்ணாயிடுச்சே, அந்தக் கவலையில எல்லாம் மறந்துபோச்சு."

எழுதுகிறவன் தானே எழுதிப் பார்த்தான். அவள் இப்படி எழுதியிருக்கலாம்:

"என் கணவர் முதன்முதலில் தானாகப் படித்த சொல், சங்க ஆபீஸ் கதவில் இருந்த 'தள்ளு' என்பது. அதுவரை அவர் அந்தக் கதவை இழுத்துத் திறக்கப் பார்த்து, யாராவது வரும்வரை வெளியே நிற்பார். படித்த அன்றைக்கு அவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், மறுபடி வெளியே வந்து, மறுபடி தள்ளிக்கொண்டு"

(இதற்குப் பிறகு என்ன என்று அவளுக்குத் தெரியும். அவள்தான் எழுதினாள். எழுதுகிறவனிடம் இவ்வளவுதான் இருக்கிறது.)

6

இனி முடிவு. ஆறரை சார் விதிப்படி இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும் என்பதால், எழுதி வைத்த முடிவுகளை முதலில் காட்டிவிடலாம்.

முடிவு ஒன்று. நான்காம் தேர்வில் மறுபடி ஆறு. மழை நிற்கிறது. மற்ற மூன்று மதிப்பெண்ணும் காலாவதி. அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு டியூட்டிக்குப் போகிறாள். அவன் நிம்மதியாக இருக்கிறான், அந்த நிம்மதியை எங்கே வைப்பது என்று தெரியாமல். (எழுதி முடித்ததும் கிழித்துவிட்டான்.)

முடிவு இரண்டு. கடல் தாண்டிய ஆஸ்பத்திரி, ஆறே போதும் என்று எழுதி அனுப்புகிறது. (கடன் கொடுத்தவனே தள்ளுபடி செய்கிற கதையை யார் நம்புவார்கள்?)

நடந்தது இது.

மழை பிடித்துவிட்டது. நான்காம் தேர்வுக்குப் போகிற காலையில் எழுதுகிறவன் குடையை அவள் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னான். கொஞ்ச நாளாக நெஞ்சுக்குள் உருட்டி வைத்திருந்த வார்த்தை.

"என்னைக் கொன்னுடு, பரவாயில்ல. முடிவுரை மட்டும் எழுதிடு."

அவள் சிரிக்கவில்லை. குடையை விரித்தாள்.

ரிசல்ட் வருகிற நாளில் அவன் இரண்டாம் மாடி வெளிச்சுவரில் நின்றிருந்தான். போன் அடித்தது. எடுக்கவில்லை. பூசுகிற கரணையைச் சட்டியில் வைத்துவிட்டு, ஒவ்வொரு கட்டையாகப் பிடித்துத் தரைக்கு இறங்கி வந்து, மண்ணில் இரண்டு காலையும் ஊன்றி நின்றுகொண்டுதான் திரும்ப அழைத்தான்.

ஆறரை என்றாள்.

கலவை மெஷின் சத்தத்தில் சரியாகக் கேட்டதா என்று இன்னொரு தடவை கேட்டான். ஆறரைதான். ஜெயிக்க வேண்டும், தொலைந்து போகட்டும் என்ற அந்த இரண்டு நினைப்பும் மறுபடி சேர்ந்தே வந்தன. வாயில் வந்ததைக் கேட்டான்.

"செத்துட்டேனா?"

"ம்."

"விழுந்தா?"

"இல்லைங்க. வயசானவங்களை வீட்டுல வெச்சுப் பார்க்கணுமா, ஹோம்ல விடணுமான்னு தலைப்பு. வீட்டுலதான்னு நான் ஒரு பக்கம் சாஞ்சு நின்னுட்டேன். உங்களுக்கு எண்பத்திரண்டு வயசு. தூக்கத்துல போயிட்டீங்க."

மெஷின் நின்றது. சட்டென்று வந்த அமைதியில் தன் குரல் பெரிதாகக் கேட்கும் என்று பயந்து, அவன் மெதுவாகக் கேட்டான்.

"நீ எங்க இருந்த?"

"பக்கத்துல. கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். அதுக்கே ரெண்டு வரி போயிடுச்சு. முடிவுரைக்கு நேரம் பத்தாதோன்னு பயந்தே போனேன்."

அவனுக்கு வேறொரு கவலை வந்தது. கவலை வந்தால்தான் அவனுக்கு மூச்சு சீராக வரும்.

"உனக்கு முப்பத்தாறுதானே ஆகுது. எண்பத்திரண்டு வயசுக் கிழவனைக் கட்டிக்கிட்டதா நினைச்சிருக்க மாட்டாங்களா?"

"நினைச்சா நினைக்கட்டும். மார்க் போட்டுட்டாங்கல்ல."

7

முடிவுரை.

முடிவுரையில் புதிய செய்தி எதையும் சொல்லக் கூடாது, முன்னே சொன்னதையே வேறு வார்த்தையில் சொல்ல வேண்டும் என்பது ஆறரை சாரின் கடைசி விதி. ஆகவே அவள் போனாளா, போகவில்லையா, போய்த் திரும்பினாளா என்பதை இங்கே சொல்ல இடமில்லை. உங்களுக்குத் தோன்றியதை எழுதிக்கொள்ளுங்கள். விமான நிலையம் வைப்பதானால் வையுங்கள். மாமியார் கடைசியில் இவனைப் பெயர் சொல்லி அழைத்தார் என்று முடித்தாலும் சரி, அது கொஞ்சம் அதிகப்படியாக இருக்கும்.

ஒரே ஒரு வேண்டுகோள். எப்படி முடித்தாலும் எழுதுகிறவனைச் சாகடிக்க வேண்டாம். அது ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. எண்பத்திரண்டில், வீட்டில், தூக்கத்தில், பக்கத்தில் அவள் இருக்க. திருத்துகிறவர் படித்து, சரி என்று மதிப்பெண்ணும் போட்டுவிட்டார். பேப்பரில் எழுதியது நடக்கும் என்று நம்புகிற நோய் எழுதுகிறவனுக்கு உண்டு என்று மூன்றாம் பகுதியிலேயே சொல்லியாயிற்று. ஆகவே இதுவும் புதிய செய்தி அல்ல.

பாக்கி ஒன்றுமில்லை.